'சொர்க்கவாசல்': நெரிசல் எங்கே போயிற்று?

'சொர்க்கவாசல்' (2024) படத்தைத் தாம்பரத்தில் பார்த்தேன். 1999 நவம்பர் 17 அன்று சென்னை மத்திய சிறையில் நடந்த கலவரத்தை அடியொற்றியது. சும்மா சொல்லக்கூடாது, நம் சினிமாவின் வழக்கமான ஜெயில் செட் இல்லை இது. அழுக்கும் வியர்வையும் திரையில் இருக்கின்றன. ஆனாலும் வெளியே வரும்போது ஒன்று உறுத்தியது. மையத்தில் இருப்பவன் செய்யாத குற்றத்துக்காக உள்ளே போனவன். அவன் படும் பாட்டைப் பார்த்துத் துடிக்கிறோம். ஏன்? அவன் நிரபராதி. அப்படியானால் பக்கத்தில் கால் நீட்ட இடமில்லாமல் படுத்திருக்கும் குற்றவாளிக்கு அந்த இடம் சரிதானா? பிரதி இதைக் கேட்பதே இல்லை. நெரிசல் அதற்கு ஒரு கூட்டக்காட்சி, அவ்வளவுதான்.

அந்தக் கலவரம் மூண்டது ஓர் உடலைச் சுற்றி. உள்ளேயிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன 'பாக்ஸர்' வடிவேலு செத்துப்போனார். நோய் என்றது நிர்வாகம், அடித்தே கொன்றார்கள் என்றார்கள் கைதிகள். துணை ஜெயிலர் ஜெயக்குமார் எரித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் செத்தார்கள். எது உண்மை என்பது ஒருபுறம். நோயில் செத்தான் என்று சொன்னால் ஒரு கைதிகூட நம்பத் தயாராயில்லாத மருத்துவம் அது. படத்தில் இது பின்னுக்குப் போய், தாதாக்களும் அதிகாரிகளும் ஆடும் ஆட்டம் முன்னால் வந்துவிடுகிறது.

எங்களுக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காக உண்டாக்கிய இடம். ஸ்ட்ரெப்டோமைசின் வராத காலம். காற்றும் வெளிச்சமும் ஓய்வும்தான் வைத்தியம். சிறை இதற்கு நேர் தலைகீழ். மாலையில் லாக்கப் ஆனால் விடியும்வரை ஒருவன் விட்ட மூச்சை இன்னொருவன் இழுக்க வேண்டியதுதான். வெளியே இருப்பதைவிடக் காசநோய் அங்கே பல மடங்கு. நிரபராதியா என்று இருமல் விசாரிப்பதில்லை. வெளி ஆஸ்பத்திரிக்குப் போக வழிக்காவல் போலீஸ் வேண்டும். ஊரில் பந்தோபஸ்து என்றால் அன்றைக்கு அதுவும் இல்லை.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 100 பேர் இடத்தில் 131 பேர். நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். தமிழ்நாட்டின் சராசரி 100க்குக் கீழேதான் என்பார்கள். சராசரிக்குள் யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லை. மத்திய சிறை 2006இல் புழலுக்குப் போய் இடம் கூடியது, மறுக்கவில்லை. ஆனால் வேலை, தொழிற்பயிற்சி எல்லாம் பெரும்பாலும் தண்டனைக் கைதிக்குத்தான். விசாரணைக் கைதி வாய்தாவை எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். துறையின் பெயரில் மட்டும் 'சீர்திருத்தப் பணிகள்' இருக்கிறது.

ஃபூக்கோவைப் படித்த நாம், ஒவ்வொரு உடலையும் தனித்தனியே பார்க்கும் கண்தான் சிறை என்று எழுதிப் பழகிவிட்டோம். (நானும்தான்.) நெரிசலான சிறையில் அந்தக் கண்ணுக்குத் தலை எண்ணத்தான் நேரமிருக்கிறது. சீர்திருத்துவதற்கு முதலில் ஆள் தெரிய வேண்டுமே?

ஆளைத் தெரிந்து எழுதியவர் தியாகு. தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்து உள்ளே கிடந்தவர். 'சுவருக்குள் சித்திரங்க'ளில் சக கைதிகளைப் பற்றிச் சொல்கிறார். கொலை செய்தவனும் அங்கே ஓர் ஆள்தான். படம் பார்த்த அன்றிரவு அதைத்தான் மறுபடி எடுத்தேன்.