யாளியின் பூர்வீகம்

சாளுவன்குப்பத்துப் புலிக்குகையில் புலி இல்லை. வாசலைச் சுற்றி இருப்பவை 11 யாளித் தலைகள். சென்ற மாதம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தபோது, கூட வந்த கவிஞ நண்பர் கெரிஸ் என்னும் ஜாவாக் குத்துவாள்களின் படங்களைக் காட்டினார். அலகில் நாகம், சிங்கம். "எல்லாம் இங்கேயிருந்து போனதுதானே?" என்றார்.

வங்கியில் நாள் முழுக்க நான் செய்வது இதுதான்: எது யார் கணக்கில் வரவு, யார் கணக்கில் பற்று. விமர்சனத்திலும் இதையேதான் செய்துவந்திருக்கிறேன்.

செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில், மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைத் தூண்கள் எளிமையானவை. அவற்றை எந்த மிருகமும் தாங்கவில்லை. பிறகு மாமல்லபுரத்தில் தூணடியில் சிங்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்தக் காடுகளில் திரிந்த மிருகமல்ல அது. யானையைக் கொல்லும் ஆளியோ சங்கப் பாடல்களிலேயே உண்டு. வடக்கிலிருந்து வந்த உருவமும் இங்கிருந்த சொல்லும் கல்லில் சந்தித்தன எனலாம். ஆனால் தூணின் பாரம் ஏன் அதன் தலைமேல் ஏறியது என்பதற்கு அது பதிலாகாது.

ஜாவாவிலும் சிங்கம் கிடையாது. சிங்கோ பாரோங் என்ற வகைக் கெரிஸில் அது பிடியை ஒட்டி அலகின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. நாகக் கெரிஸில் தலை அடியில். உடல் அலகின் வளைவுகளோடு நெளிந்து நுனியை நோக்கிப் போகிறது. வளைவுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. நாகம் என்ற சொல் இந்தியாவிலிருந்து போனதுதான். இரும்பே பாம்பாக நெளிந்தது அங்கே, கொல்லனின் உலையில். பாம்பை அவன் ஆயுதத்தின்மேல் ஒட்டவில்லை. ஆயுதத்தின் உருவமே பாம்பாகிவிட்டது.

மறுபக்கமும் உண்டு. கல்யாண மண்டப வாசல்களில் சிமெண்ட் யாளிகள் நிற்கின்றன. பூர்வீகத்தில் குறை சொல்ல முடியாது, அசல் உள்ளூர். எதையும் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

எட்டு வருஷங்களுக்கு முன் ஒரு முதல் தொகுப்பை இறக்குமதிச் சரக்கு என்று எழுதினேன். எந்தப் படிமம் எந்த ஐரோப்பியக் கவிஞனுடையது என்று பட்டியல் போட்டேன். பட்டியலில் தவறில்லை. அந்தப் படிமங்கள் கவிதைக்குள் எந்தப் பாரத்தைச் சுமக்கின்றன என்று மட்டும் பார்க்கவில்லை. அந்தக் கவிஞர் அப்புறம் தொகுப்புப் போடவில்லை.

கெரிஸைப் பற்றிக் கேட்டவர் அவர்தான். கேலியாகக் கேட்கவில்லை, என்னிடம் கற்ற கேள்வியைச் சுபாவமாகக் கேட்டார். அதுதான் உறுத்தியது. வீடு திரும்பியதும் அந்தத் தொகுப்பைத் தேடி எடுத்தேன். அதில் மூன்று கவிதைகளாவது தூணடிச் சிங்கங்கள். இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும்.