மண் சுங்கான்: உருவம் பற்றிச் சில குறிப்புகள்

1

என் மேஜைமேல் மூன்று அங்குல நீளத்தில் ஒரு வெள்ளைக் குச்சி கிடக்கிறது. வருகிறவர்கள் சாக்கட்டி என்று நினைக்கிறார்கள். எடுத்து ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனையில் வெளிச்சம் தெரியும். லண்டனில் இருக்கும் நண்பர் அங்கே ஒரு பழம்பொருள் கடையில் வாங்கி வந்து கொடுத்தது. தேம்ஸ் நதியில் நீர் இறங்கும் வேளைகளில் கரைச்சேற்றில் இப்படியானவை ஏராளமாகக் கிடக்கும். இப்போது அங்கே தேடி எடுக்க அனுமதிச்சீட்டு வேண்டுமாம். இது சுங்கானின், அதாவது நாம் பைப் என்று சொல்லிவிடுகிறதன், உடைந்த தண்டு. மரத்தில் செய்ததல்ல, சுட்ட மண்.

நான் புகைப்பவனல்ல. அப்பா புகையிலையால் போனவர். அந்தக் கடைசி மாதங்களைப் பார்த்தவனுக்கு இந்த வஸ்துவின்மேல் பிரியம் வர நியாயமில்லை. ஆனால் வந்தது. நண்பர் குச்சியோடு ஒரு படப் புத்தகமும் கொடுத்திருந்தார். 1600 முதல் 1900 வரையிலான மண் சுங்கான்களின் பக்கவாட்டுக் கோட்டுச் சித்திரங்கள் வரிசை வரிசையாக. வங்கியிலிருந்து திரும்பிய இரவுகளில் பல வாரம் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஈர்ப்பு எதனால் என்று யோசிக்கப் போய், நம் பழைய சண்டை ஒன்றில் வந்து நின்றேன்.

உருவமா, உள்ளடக்கமா என்ற சண்டை. ஒரு கட்சிக்கு உருவம் வெறும் பாத்திரம். பசித்தவனுக்குச் சோறுதான் கணக்கு, பாத்திரம் ஈயமா வெள்ளியா என்பது வயிறு நிறைந்தவன் கவலை. மற்றக் கட்சிக்கு உள்ளடக்கம் எவனிடமும் இருக்கிறது, உருவம் கொண்டபிறகே அது கலை. நான் இரண்டாவது கட்சி. சில வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில், கவிதையில் கடைசியாக எஞ்சுவது உருவம் மட்டுமே என்று எழுதினேன். வந்த பதில்களில் வசவுகளைக் கழித்தபின் வாதம் என்று அதிகம் மிஞ்சவில்லை. ஆகவே நான் மாறவில்லை. மாற்றியது இந்தக் குச்சி.

2

சித்திரங்களை வரிசையாகப் பார்க்கும்போது முதலில் படுவது கிண்ணத்தின் வளர்ச்சி. 1600ஐ ஒட்டிய சுங்கானின் கிண்ணம் மிகச் சிறியது. சுண்டுவிரல் நுனி நுழைந்தால் அதிகம். நடுவில் சற்று உப்பி, வாயருகே குறுகி, குடிப்பவனைவிட்டு முன்பக்கம் சாய்ந்திருக்கும். பிற்காலத்தில் வயல்களில் இவற்றைக் கண்டெடுத்தவர்கள் தேவதைகளின் சுங்கான் என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் கிண்ணம் பெருக்கிறது, தண்டு நீள்கிறது. சாய்வு குறைந்து கிண்ணம் மெல்ல நிமிர்கிறது. 18ஆம் நூற்றாண்டில் வாய் அகன்று, சுவர் மெலிந்து, நேர்கோடுகளில் நிற்கிறது. ஒரு செடியின் வளர்ச்சியைப் பார்ப்பதுபோல இருக்கும்.

இதை நான் முதலில் உருவத்தின் சுயமான வளர்ச்சி என்றுதான் வாசித்தேன். ஒரு ரூபம் தன் சாத்தியங்களைத் தானே தேடிக்கொண்டு போகிறது என்று நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். அது தப்பு.

கிண்ணம் சிறியதாக இருந்ததற்குக் காரணம் புகையிலையின் விலை. வர்ஜீனியாவின் பூர்வகுடிகள் மண் சுங்கானில் புகை குடிப்பதைத் தாமஸ் ஹாரியட் 1588இல் அச்சேற்றினார். அவர்களிடம் கற்ற பழக்கத்துக்கு இலை கடல் கடந்து வரவேண்டும். ஒரு சிட்டிகைதான் கட்டும், அந்தச் சிட்டிகை அளவே கிண்ணம். 1604இல் புகையிலையைச் சாடித் தானே ஒரு நூல் எழுதிய முதலாம் ஜேம்ஸ் மன்னன், 1619இல் லண்டன் சுங்கான் தொழிலாளருக்குச் சங்கப் பட்டயம் கொடுத்தான். இடையே 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் வர்ஜீனியாவில் புகையிலையைச் சந்தைப் பயிராக்கியிருந்தார். பட்டயம் கிடைத்த அதே 1619இல் வர்ஜீனியாக் கரையில் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலிலிருந்து இறக்கி விற்கப்பட்டார்கள். முதலில் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள், நூற்றாண்டு முடிவதற்குள் மேலும் மேலும் அடிமைகள். இலை மலிந்தது. மலிய மலியக் கிண்ணம் பெருத்தது.

நான் ரசித்துக்கொண்டிருந்த அந்த வளர்ச்சி ஒரு விலைப்பட்டியல். லெட்ஜர்களோடு பிழைப்பவனான எனக்கு அது உடனே தெரிந்திருக்க வேண்டும்.

3

எதிர்க்கட்சி நண்பர்கள் இங்கே கைதட்டக்கூடும். கொஞ்சம் பொறுக்கவும். என் குச்சியில் இருக்கும் துளை வேறொரு விஷயம் சொல்கிறது.

ஜே. சி. ஹாரிங்டன் என்ற அமெரிக்கப் புதைபொருள் ஆய்வாளர், வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் முதலிய இடங்களில் கிடைத்த தண்டுத் துண்டுகளின் துளையை அளந்து 1954இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அளவு, அங்குலத்தை அறுபத்துநாலாகப் பங்கிட்ட கணக்கில். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சுங்கான்களில் துளை பெரும்பாலும் 9 அல்லது 8 பங்கு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 5 அல்லது 4. தண்டு நீள நீளத் துளை குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. 1962இல் லூயிஸ் பின்ஃபோர்ட் இதை ஒரு சூத்திரமாக்கினார்: சராசரித் துளையளவை 38.26ஆல் பெருக்கி 1931.85இலிருந்து கழித்தால் வருஷம் வரும். 9 என்றால் 1587, 5 என்றால் 1740. வங்கிக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

தன் காலத்தைத் துளையில் எழுதுகிறோம் என்று எந்தச் சுங்கான்காரனும் நினைக்கவில்லை. தன் பெயரின் முதலெழுத்தைக் கிண்ணத்துக்கு அடியிலுள்ள குதியில் பதித்தான். கேட்டவர்களுக்குக் கொடியும் மலரும் வைத்தான். அவை அவன் அறிந்து செய்தவை. துளையோ கம்பியின் தடிமன், பட்டறை வழக்கம், கைப்பழக்கம். நம் கவிதைகளைக் காலத்தோடு பொருத்திப் பேசுகிறவர்கள் குதியில் உள்ள முத்திரையையே படிக்கிறார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் என்ற சொல் இருக்கிறதா, நெருக்கடி இருக்கிறதா என்று தேடுகிறார்கள். காலம் அங்கேயும் இருக்கலாம். ஆனால் வாக்கியத்தின் மூச்சு எங்கே முறிகிறது, வினைச்சொல் எங்கே விழுகிறது, எதைச் சொல்லாமலே வாசகனுக்குத் தெரியும் என்று கவிஞன் நம்புகிறான் என்பவற்றில் அவன் அறியாமலே அது இருக்கிறது. இதுவும் உருவம்தான். சமூகத்தைத் தேடுகிறவர்கள் உருவத்தைத்தான் அளக்கவேண்டும் என்றாகிறது.

இந்தச் சூத்திரத்துக்கு இரண்டு குறைகள். ஒரு துண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஒரே இடத்துத் துண்டுகள் ஏராளமாக வேண்டும். ஒரே கவிதையைத் தூக்கிப்பிடித்து ஒரு தசாப்தத்துக்கே தீர்ப்பு எழுதுவது நமக்குப் பழக்கம். நானும் செய்திருக்கிறேன். இரண்டாவது, 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு கணக்கு பிசகிவிடுகிறது. சூத்திரத்தையே நம்பினால் துளை 1931ஆம் வருஷ முடிவில் முழுக்க அடைபட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகும் மனிதர்கள் மண் சுங்கானில் புகை குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

4

விலை கிண்ணத்தின் அளவைச் சொல்லும். கிண்ணத்தின் வளைவைச் சொல்லுமா?

செய்முறையைப் பார்க்கலாம். வெண்களிமண்ணை ஒரு முனை தடித்த திரியாக உருட்டிக் கொஞ்சம் இறுகவிடுவார்கள். எண்ணெய் தொட்ட கம்பியைத் தண்டுக்குள் நெடுகச் செலுத்துவார்கள். கம்பியோடு இரண்டு பாதியாலான உலோக அச்சில் வைத்து மூடி, மேலிருந்து ஒரு முளையை இறக்கினால் கிண்ணம் குடையப்படும். கம்பியை இன்னும் கொஞ்சம் தள்ளினால் துளை கிண்ணத்தோடு சேரும். வெளியே எடுத்து, விளிம்பைச் சீவி, உலர்த்திச் சூளையில் வைப்பார்கள். முளை திரும்ப வெளியே வந்தாக வேண்டும், ஆகவே கிண்ணத்தின் உட்புறம் அடியில் குறுகியே இருக்கும். மேஜையில் நிறுத்தி வைக்கக் குதி. புகை ஆறி வர நீண்ட தண்டு. வேலை செய்துகொண்டே குடிக்கிறவனுக்கு ஒடித்ததுபோல் குட்டைத் தண்டு. இவ்வளவுக்கும் காரணம் சொல்லிவிடலாம்.

ஆனால் ஏறத்தாழ ஒரே விலை, ஒரே வகை மண், ஒரே முறை இருந்தும் 17ஆம் நூற்றாண்டில் யார்க்‌ஷயர்க்காரர்கள் செய்த கிண்ணம் பானைபோல் உப்பியிருக்கிறது. லண்டனில் அப்படியில்லை. ஷ்ராப்‌ஷயரின் ப்ரோஸ்லி ஒரு வழி போகிறது. இங்கிலாந்திலிருந்து போனவர்கள் ஹாலந்தின் கௌடாவில் தொடங்கிய தொழில், தண்டின் மெலிவிலும் மெருகிலும் வேறொரு வழி போகிறது. எல்லாக் காரணங்களையும் கழித்தபின் ஒரு மீதி நிற்கிறது. அச்சு வெட்டியவன் கை எடுத்த முடிவு அது. கழிவிடத்துக்குப் போகப்போகிற, காசுக்குச் சில என்று விற்ற ஒரு பொருளில் அந்த முடிவை எடுக்க அவனுக்கு அவசியமே இல்லை. எடுத்திருக்கிறான். நான் கலை என்று சொல்வது அந்த மீதியை. என் பழைய கட்டுரையில் முழுத்தொகையையும் கலையின் பற்றில் எழுதிவிட்டேன், அதுதான் பிழை.

5

இன்னொன்று. எஞ்சுவது உருவம் மட்டுமே என்றேனே, அது சுங்கான் விஷயத்தில்கூட முழு உண்மையில்லை. சுட்ட வெண்மண்ணில் நுண்துளைகள் உண்டு. புகையின் எண்ணெய் உள்ளிருந்து ஊறி, வெள்ளைச் சுங்கான் தேன்நிறமாகி, பழுப்பாகிக் கடைசியில் கறுக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இப்படிக் கறுக்கவைப்பதையே ஒரு பொறுமைக் கலையாகச் செய்தார்கள். போதலேரின் ஒரு கவிதையில் சுங்கானே தன் எஜமானைப் பற்றிப் பேசுகிறது. கல்லூரியில் நாங்கள் படித்த ஷெர்லக் ஹோம்ஸ், சினிமா காட்டும் அந்த வளைந்த பெரிய சுங்கானை வைத்திருந்தவரல்ல. கதைகளில் அவர் யோசிக்க எடுப்பது எண்ணெயேறிக் கறுத்த மண் சுங்கான். உள்ளே எரிந்தது போய்விட்டது. ஆனால் போகிற வழியில் பாத்திரத்தின் சுவருக்குள் இறங்கிவிட்டது. இப்போது எது உருவம், எது உள்ளடக்கம்?

செஸானின் சீட்டாட்டக்காரர்களில் இடதுபக்கத்து மனிதனின் வாயில் ஒரு வெள்ளை மண் சுங்கான் இருக்கிறது. அச்சுப்படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பழுப்பும் நீலமுமான அந்தப் படத்தில் அது சின்ன வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். விரலால் மறைத்தால் அந்த முகம் தளர்ந்துவிடுகிறது.

இத்தோடு நிறுத்தினால் அழகாக முடிந்திருக்கும். ஆனால் இன்னும் இரண்டு சுங்கான்களைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. அயர்லாந்தில் சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் புகையிலையும் புது மண் சுங்கானும் கொடுப்பார்கள், வாங்கியவர் செத்தவருக்காக ஒரு வார்த்தை பிரார்த்திப்பார். அந்தச் சுங்கான்களுக்குப் பேர்போன நாக்ரோகரி என்ற ஊரை 1921 ஜூனில் பிரிட்டிஷ் படையினர் எரித்தார்கள். தொழிலும் அத்தோடு போயிற்று. மற்றது பார்படோஸ் தீவின் நியூட்டன் தோட்டத்தில். அடிமைகளின் இடுகாட்டை 1970களின் தொடக்கத்தில் தோண்டியபோது ஒரு மனிதனின் எலும்புகளோடு ஒரு மண் சுங்கான் கிடைத்தது. ஐரோப்பிய வகையல்ல. நாணல் செருகிக் குடிக்கும்படி குட்டைக் கழுத்தோடு, மேற்கு ஆப்பிரிக்காவில் செய்தது. யாரோ அதைக் கடல் கடத்திக் கொண்டுவந்து, உடையாமல் காத்து, அவனோடு புதைத்திருக்கிறார்கள். கிண்ணங்கள் பெருத்ததற்கு விலை கொடுத்த ஜனங்களில் ஒருவன். அவனுக்கும் ஒரு சுங்கானின் ரூபம் முக்கியமாக இருந்திருக்கிறது, நம்முடைய சண்டையின் எந்தக் கட்சியும் சொல்லாத ஒரு காரணத்துக்காக.

ஆகவே பழைய வாக்கியத்தைத் திருத்தி எழுதுகிறேன். கவிதையில் எஞ்சுவது உருவம்தான். அது யார் செலவில் அந்த அளவுக்கு வந்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. அதைப் பார்த்தபிறகும் வளைவு அழகாகத்தான் தெரிகிறது. எனக்கு இது சௌகரியமாக இல்லை.

என் குச்சியின் துளையை அளந்து பார்த்தேன், 5 பங்குக்குச் சற்று மேல். ஒற்றைத் துண்டு, அதனால் எதுவும் நிச்சயமில்லை. முகர்ந்தும் பார்த்தேன். மண் வாசனைகூட இல்லை.