ஆயிரத்தை எட்டிய கொக்குகள்

இரண்டாம் உலகப் போரின் வரலாற்றைச் சிறுவர்களுக்கு எவ்வாறு சொல்வது? ஆண்டுகளையும் தளபதிகளின் பெயர்களையும் அடுக்கினால், தேர்வு முடிந்த மறுநாளே அவை மறந்துபோகும். கோரக் காட்சிகளை அப்படியே விவரித்தால் பிஞ்சு உள்ளம் அஞ்சும். ஒரு குழந்தையின் கதையைச் சொல்லி, அதன் வழியே போரைக் காட்டுவது இன்னொரு முறை. எலினார் கோர் எழுதி 1977-இல் வெளிவந்த ‘சடாகோவும் ஆயிரம் காகிதக் கொக்குகளும்’ அம்முறையில் அமைந்த நூல். உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் படித்துவரும் இந்நூலின் சிறப்பையும் குறையையும் இங்கே காண்போம்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின் மேல் அணுகுண்டு வெடித்தபோது சடாகோ சசாகிக்கு வயது இரண்டு. அவளுடைய வீடு வெடிப்பு மையத்திலிருந்து ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. உடலில் காயமின்றித் தப்பிய அவள், ஓட்டப் பந்தயத்தில் முந்தும் சிறுமியாக வளர்ந்தாள். 1955 பிப்ரவரியில் இரத்தப் புற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. கிடைத்த தாளிலெல்லாம் கொக்கு மடித்த அச்சிறுமி, அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று இறந்தாள்.

ஆசிரியர் இதனைச் சிறு சிறு வாக்கியங்களில், ஆரவாரமின்றிச் சொல்கிறார். எவரையும் பகைவராக்கிப் பழிதூற்றவில்லை. ஓடும்போது திடீரெனத் தலை சுற்றும் சிறுமியை நம் வகுப்புத் தோழியாகவே உணர்கிறோம். இதுவே நூலின் வெற்றி.

ஆனால் அறிவியல் பயில்வோர் ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டும். நூலில் சடாகோ 644 கொக்குகள் மடித்த நிலையில் இறக்கிறாள். எஞ்சிய 356-ஐ வகுப்புத் தோழர்கள் மடித்து ஆயிரமாக்குகிறார்கள். கணக்குச் சரியாக வருகிறது. உண்மை அதுவன்று. அவள் ஆயிரத்தை முடித்து, அதற்கு மேலும் மடித்தாள் என்பதை ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் அவளுடைய அண்ணன் மசாஹிரோவும் தெரிவித்துள்ளனர்.

கதைதானே, எண் மாறினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் வாழ்ந்த ஒரு சிறுமியின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது என்று முன்னுரையிலேயே கூறும் நூல் இது. எண்ணை மாற்றும்போது பொருளும் மாறிவிடுகிறது. 644-உடன் நின்றால், ‘ஐயோ, ஆயிரத்தை முடித்திருந்தால் பிழைத்திருப்பாளோ’ என்று பிஞ்சு மனம் எண்ணும். அவளோ முடித்தாள், முடித்தும் இறந்தாள். கதிர்வீச்சு வேண்டுதலுக்குச் செவி சாய்ப்பதில்லை. கசப்பான இவ்வுண்மையைத் தாங்கும் வலிமை பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உண்டு. சடாகோ அந்த வயதில்தானே அதைத் தாங்கினாள்?

காயமின்றித் தப்பியவள் பத்தாண்டுகளுக்குப் பின் ஏன் நோயுற்றாள்? இளம் வாசகர் கட்டாயம் கேட்கும் இக்கேள்விக்கு நூல் போதிய விளக்கம் தரவில்லை. குண்டிலிருந்த சுமார் 64 கிலோகிராம் யுரேனியத்தில் பிளவுற்றது ஒரு கிலோகிராமுக்கும் குறைவே. அதிலும் ஆற்றலாக மாறிய நிறை ஒரு கிராம் கூட இல்லை. அவ்வளவே 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு ஈடாயிற்று. அப்போது வெளிப்பட்ட காமா கதிர்களும் நியூட்ரான்களும் தோலில் வடு எதுவும் விடாமலே எலும்பு மஜ்ஜையை ஊடுருவ வல்லவை. அங்குள்ள செல்களில் ஏற்படும் சிதைவு, பல ஆண்டுகள் கழித்து இரத்தப் புற்றுநோயாக வெளிப்படலாம். உயிர் பிழைத்தோரிடையே, அதிலும் குழந்தைகளிடையே, இந்நோய் மிகுந்ததை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தால் கதையின் உருக்கம் குறைந்திருக்காது.

போர் ஏன் மூண்டது என்பதற்கும் நூலில் இடமில்லை. 1937-இல் சீனாவின் மீது தொடுத்த போரும், 1941-இல் பேர்ள் துறைமுகத்தின் மீது நடத்திய தாக்குதலும் ஜப்பானியப் படையின் செயல்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் சயாம்–பர்மா இரயில் பாதையில் ஆயிரக்கணக்கில் மடிந்ததும் அப்படையின் ஆட்சியில்தான். இவற்றைச் சொல்வது ஹிரோஷிமாவில் நிகழ்ந்ததை நியாயப்படுத்துவது ஆகாது. 1945 முடிவதற்குள் அங்கே மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் கொரியர்களும் பலர். குழந்தையின் துயரை உணர்ந்த வாசகர் போரின் காரணங்களையும் அறிந்தால்தான் அது வரலாற்றுக் கல்வியாகும்.

ஆகவே, ஆசிரியர்களும் பெற்றோரும் இந்நூலைத் தயங்காமல் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். படித்து முடித்ததும் அருகில் அமர்ந்து, உண்மையில் கொக்குகள் ஆயிரத்தைத் தாண்டின என்பதைச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குங்கள்.