பாறை முன் ஒரு கல்யாணப் படம்

1969 மார்ச் 20. ஜிப்ரால்டரில் பாடகர் ஜான் லென்னனும் ஓவியக் கலைஞர் யோகோ ஓனோவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். படமெடுத்தவர் டேவிட் நட்டர். மேடை இல்லை, உறவுக் கூட்டம் இல்லை. பின்னணியில் ஓங்கி நிற்கும் ஜிப்ரால்டர் பாறை. முன்னால் வெள்ளை உடையில் இருவர். யோகோவின் அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழங்கால்வரை ஏறிய காலுறை. பார்க்கப் பார்க்க அலுக்காத படம்.

கலைஞர்கள் தங்கள் தோற்றத்தைத் தாங்களே தீர்மானித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அதன்மேல் போட்டோகிராபரும் தன் கைவரிசையைக் காட்டினால் படம் கெட்டுவிடும். நட்டரின் படங்களில் அந்த ஆர்ப்பாட்டம் இல்லை. கரடுமுரடான பாறையும் வெள்ளைத் துணியும் எதிரெதிராக நின்று பேசுகின்றன. கல்யாணப் படக்காரருக்கு இந்த அடக்கமே முதல் தகுதி.