வாக்குத் தவறாத பேய்கள்

பேய்க்கதை என்றாலே முகம் சுளிக்கிறவர்களில் நானும் ஒருவன். எழுத ஆரம்பித்த காலத்தில், கேட்ட பத்திரிகைக்காக நாலைந்து பேய்க்கதைகள் எழுதினேன். பாழுங்கிணறு, புளியமரம், கொலுசுச் சத்தம் எல்லாம் அவற்றில் இருந்தன. பேய் மட்டும் இல்லை. ஏன் இல்லை என்பது ஜப்பானிய ஆசிரியர் உவேதா அகினாரியைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

அகினாரி 1734ல் ஒஸாகாவில் பிறந்தார். தகப்பனார் யாரென்று தெரியாது. நாலு வயதில் தாயையும் பிரிந்தவரை உவேதா என்ற வியாபாரி சுவீகாரம் எடுத்துக்கொண்டார். மறு வருஷம் வைசூரி கண்டது. உயிர் தப்பியது, இரண்டு கைகளிலும் ஒவ்வொரு விரல் ஊனமாயிற்று. 1771ல் கடை தீக்கிரையானது. அப்புறம் வைத்தியம் கற்றுக்கொண்டு பிழைப்பு நடத்தினார். அவருடைய ‘உகேத்ஸு மோனோகதாரி’, அதாவது மழை நிலாக் கதைகள், 1776ல் அச்சாயிற்று. முன்னுரையின் தேதியோ 1768. ஒன்பதே கதைகளுக்கு எட்டு வருஷம் காத்திருந்திருக்கிறார்! தம் ஊனத்தையே குறிக்கும் புனைபெயரில்தான் அதை வெளியிட்டார்.

பல கதைகளின் கரு சீனத்திலிருந்து வந்தது. அது எனக்குக் குறையாகப் படவில்லை. முதல் கதையில் ஒரு துறவியும் இறந்துபோன சக்கரவர்த்தியும் ராஜநீதி பேசிக்கொண்டே போகிறார்களே, அதுதான் அலுப்புத் தட்டுகிறது. அங்கே கதாசிரியரைப் பண்டிதர் விழுங்கிவிட்டார்.

ஆனால் ‘புதர் மண்டிய வீடு’ என்ற கதை வேறு ரகம். பட்டு விற்கத் தலைநகர் போகும் கத்ஸுஷிரோ, இலையுதிர் காலத்தில் திரும்புவதாக மனைவி மியாகியிடம் சொல்லிவிட்டுப் போகிறான். யுத்தம், கொள்ளை, நோய் என்று ஏழு வருஷம் ஓடிவிடுகிறது. திரும்பி வந்தவனை அவள் அழுதுகொண்டே வரவேற்கிறாள். விடிந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, அவளும் இல்லை. செத்தவள் காத்திருந்தாள், உயிரோடிருந்தவன்தான் வாக்குத் தவறியவன். இந்தக் கதையில் எனக்குப் பயம் வரவில்லை, வெட்கம் வந்தது.

இன்னொரு கதையில், குறித்த நாளில் வருவதாக நண்பனுக்குச் சொன்ன ஒருவனைச் சிறை வைத்துவிடுகிறார்கள். ஆவிக்கு ஒரே நாளில் ஆயிரம் காதம் கடக்க முடியும் என்று கேள்விப்பட்டு, அவன் உயிரை மாய்த்துக்கொண்டு வந்து சேருகிறான். துரோகம் செய்த கணவனைப் பழிவாங்கும் இஸோராவின் கதைகூட முறிந்த வாக்கின் கதைதான். அகினாரியின் பேய்கள் கொடுத்த வார்த்தையிலிருந்து பிறக்கின்றன. என் கதைகளில் யாரும் யாருக்கும் வார்த்தை கொடுக்கவில்லை. பேய் எங்கிருந்து வரும்?

வயோதிகத்தில் கண்பார்வையும் மங்கிற்று. 1807ல் தம் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றைக் கிணற்றில் போட்டுவிட்டார். அத்துடன் எழுத்தைத் தலைமுழுகியிருக்கலாம். மறு வருஷமும் ‘வசந்தகால மழைக் கதைகள்’ எழுதிக்கொண்டிருந்தார். 1809ல் கியோத்தோவில் இறந்தார். யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தாரோ, அந்த ஊனமுற்ற விரல்கள் அதைக் கடைசிவரை காப்பாற்றின.