மேலூர் வெயில் மறைத்த இன்ஜின்

மதுரைப் பக்கம் பழைய டீசல் வேன் பார்க்கப் போகிறவர் மதியம் போகவே கூடாது. சித்திரை வெயிலில் சாகக் கிடக்கிற இன்ஜின்கூட ஒரே சாவியில் பிடித்துக்கொள்ளும். விற்கிறவருக்கும் அது தெரியும். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பெட்ரோல் பங்க் வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியிருப்பார். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், “நாளைக்கு விடிகாலை வர்றேண்ணே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது.

மேலூரில் நான் வாங்கியிருப்பது டெம்போ டிராவலர். பஜாஜ் டெம்போ 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டதே, அதற்கு முந்தைய வண்டி. உள்ளே சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்துக் கேம்பர் வேனாக்கியிருந்தார்கள். இன்ஜின் வேலை இருக்கிறது என்று தெரிந்துதான், அதையே சொல்லி விலையைக் குறைத்துத்தான் வாங்கினேன். நீள அகலமெல்லாம் எழுதப்போவதில்லை. கல்யாணத்துக்கோ சபரிமலைக்கோ இதில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போகாதவர் இந்த ஜில்லாவில் யார்?

இந்த வண்டிமேல் எனக்கு ஒரு பாரபட்சம் உண்டு, மறைக்கவில்லை. 1987இல் வந்த டிராவலர், ஜெர்மனியில் 1977 முதல் ஓடிய மெர்சிடிஸ் டி1 வேனின் உடன்பிறப்பு. அங்கே அந்த வேனை அடிப்படையாக வைத்து எத்தனையோ கேம்பர்கள் கட்டினார்கள். இன்ஜினும் மெர்சிடிஸின் ஓஎம்616தான்: நான்கு சிலிண்டர், 2,399 சிசி, டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. இதே இன்ஜின் குடும்பத்து 240டி காரை வைத்து கிரேக்க நாட்டு டாக்ஸிக்காரர் ஒருவர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். அந்தக் கார் இன்று மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். இந்தக் கதையைச் சொல்லுகிற ரசிகர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அவர் இன்ஜினைப் பலமுறை இறக்கி, மாற்றி, வேலை பார்த்துத்தான் அவ்வளவு தூரம் போனார். சாகாத இன்ஜின் என்பது சும்மா பேச்சு. பிரித்துக் கோத்தால் மறுபடி எழுந்து உட்காரும் இன்ஜின், அவ்வளவுதான்.

சரி, வெயில் விஷயத்துக்கு வருவோம். கேம்பர் வேன் வாங்குவதே படுத்துத் தூங்கத்தான். மேலூரில் மே மாதம் ஒரு தகர டப்பாவுக்குள் எவன் தூங்குவான்? கொடைக்கானலுக்குத்தான் ஏற்ற வேண்டும். அங்கேதான் குட்டு முழுசாக உடைந்தது. 2,100 மீட்டர் உயரம், குளிர், விடிகாலை. ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் வெள்ளைப் புகை மட்டும் வருகிறது. எரியாத டீசல் அது.

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை இருபத்தொன்றில் ஒரு பங்காக நெருக்கும்போது பிறக்கிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். ரிங்கும் லைனரும் தேய்ந்தால் காற்று ஓரமாக நழுவிவிடும், சூடு போதாது. கீழே, 38 டிகிரி காற்று உள்ளே போகும்போது அந்தக் குறையை வெயிலே ஈடுகட்டிவிடுகிறது. மலையில் ஈடுகட்ட ஆளில்லை. இந்த இன்ஜினில் டீசல் முதலில் ஹெட்டுக்குள் இருக்கிற சின்ன அறையில் பற்றுவதால் ஹீட்டர் பிளக் இல்லாமல் குளிரில் நடக்காது. நான்கில் ஒன்று போனாலும் அடம்பிடிக்கும்.

மேலூரில் இதற்கு நல்ல கை இருக்கிறது. டிராக்டரும் நெல் அறுக்கும் மிஷினும் கிரானைட் லாரியும் பார்த்துப் பழகிய ஊர். பட்டறைக்காரர் மீட்டர் எதையும் எடுக்கவில்லை. ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அங்கேயே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். மூடி துள்ளிக் கீழே விழுந்தது.

“வெயில்ல எந்தக் கழுதையும் ஓடும் தம்பி. ரிங் போயிருச்சு, இறக்கிருவோம்.”

“வேற இன்ஜின் கிடைக்குமாண்ணே?”

“கிடைக்கும். ஆர்சில நம்பர் மாத்த நீ அலையணும். உன் பிளாக்கு நல்லாத்தான இருக்கு?”

பழைய இரும்புக் கடையிலிருந்து முழு இன்ஜினைத் தூக்கிப் போடுவது மலிவு, வேகம். ஆனால் ஆர்சியில் இல்லாத நம்பரோடு எஃப்சிக்குப் போக முடியாது. ஆகவே என் பிளாக்கையே லேத்துக்கு அனுப்பினோம். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட், வால்வு கிரைண்டிங். பம்ப்பும் நாசிலும் மதுரைக்குப் போய் கேலிபரேஷன் ஆகி வந்தன. வேன் விலையில் பாதிக்கு மேல் போயிற்று. டைமிங் செயினையும் மாற்றச் சொல்லுங்கள். இன்ஜின் பிரித்துக் கிடக்கும்போது அது சில்லறைச் செலவு.

உள்கட்டு வேலை செய்த புண்ணியவானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூரை முழுக்க நீல எல்இடி. மின்விசிறி, ஃபிரிட்ஜ், சவுண்டு பாக்ஸ் எல்லாமே ஸ்டார்ட்டிங் பேட்டரியிலிருந்தே இழுத்திருந்தார். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் குடித்துவிட்டு விட்ட மிச்சத்தில் விடியற்காலை நான்கு ஹீட்டர் பிளக்கும் ஸ்டார்ட்டரும் பிழைக்க வேண்டும். தேய்ந்த ரிங் பாதிக் காரணம் என்றால் இந்த ஒயரிங் மீதிக் காரணம். ரீல்ஸில் மின்னுகிற கேம்பர்கள் பலவற்றில் இதே கதைதான். இரண்டாவது பேட்டரியும் நடுவே ஒரு ஐசொலேட்டரும் போட்டேன். நீல விளக்குகளைப் பிடுங்கியதில் கிடைத்த சந்தோஷம் தனி.

காகிதத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனப் பதிவில் சொந்த உபயோகக் கேம்பர் வேனுக்கென்றே தனி வகை இருக்கிறது; ஆர்சியில் அது ஏறியிருக்கிறதா, இல்லை இன்னும் பயணிகள் வேனாகவே கிடக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பதினைந்து வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. கிழட்டு வண்டிகள்மேல் அரசுக்குப் பிரியம் கிடையாது.

இப்போது கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறைக் குளிரிலும் ஹீட்டர் போட்டு, விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினால் பிடிக்கிறது. வெள்ளைப் புகை இல்லை. மலையில் கறுப்புப் புகை கொஞ்சம் தள்ளும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு மேலே காற்றுக் குறைவு, அதற்கு லேத்தில் மருந்து இல்லை. வத்தலக்குண்டு தாண்டி ஏற ஆரம்பித்தால் இரண்டாவது கியர்தான். பின்னால் வருகிற கார்க்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். நாலுவழிச் சாலையில் எண்பதுக்கு மேல் போனால் பக்கத்து சீட்டுக்காரரிடம் கத்தித்தான் பேச வேண்டும். அதற்குள் போனால் நிம்மதி.

மதுரையிலேயே நிறுத்திவைத்து வாரக் கடைசியில் அழகர்கோயில் வரை போய்வருகிறவருக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. தேய்ந்த ரிங்கோடு இன்னும் சில வருஷம் ஓட்டலாம். மலையில் படுக்க நினைப்பவர் விலை பேசும்போதே இன்ஜின் இறக்கும் காசைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அது கையில் இல்லையென்றால் வண்டியையே பார்க்கப் போக வேண்டாம்.