இந்தோனேசிய வெகுசனக் கலையும் காணொளியும்: சில விமர்சனக் குறிப்புகள்

மலாய் இசைக்குழு, இந்தித் திரைப்பாடல், மேலைத்தேய ராக் இசை ஆகியன கலந்து 1970களில் இந்தோனேசியாவில் உருப்பெற்ற இசைவகை டாங்டுட். அதன் மத்தள ஒலியைச் சுட்டும் இப்பெயர், மேட்டுக்குடியினரிடையே இகழ்ச்சிப் பெயராகவே முதலில் வழங்கிற்று. நகர்ப்புறச் சேரிகளிலும் கிராமத்து மணவீடுகளிலும் வளர்ந்த அவ்விசை இன்று யூடியூப், டிக்டொக் வழியாக நாடெங்கும் கேட்கப்படுகின்றது. இதனைக் கண்டு, கலை சனநாயகமயமாகிவிட்டது என்று மகிழ்வோர் பலர். இக்கூற்றை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

1962இல் தொடங்கிய அரச தொலைக்காட்சி நெடுங்காலம் ஏகபோக நிலையில் இருந்தது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சிக்காகப் பாடிய டாங்டுட் பாடகர் ரோமா இராமாவுக்கு அதன் கதவு பல்லாண்டுகள் மூடப்பட்டிருந்தது. 1989இல் தனியார் தொலைக்காட்சி வந்தபோது, முதல் நிலையத்திற் சுகார்த்தோவின் மகனது வணிகக் குழுமமே பங்குகொண்டது. அரசின் கை தளர்ந்தது எனினும் குடும்பத்தின் கை தளரவில்லை.

இவ்விரு கதவுகளையும் தட்டாமலே புகழெய்தியவர் கிழக்கு ஜாவாவின் பசுருவான் பகுதியைச் சேர்ந்த இனுல் தாரதிஸ்தா. ஊர் மேடைகளில் அவர் பாடி ஆடியதை யாரோ ஒளிப்பதிவு செய்தனர். இறுவட்டுகளாகப் பிரதி செய்யப்பட்டு அவை சந்தைகளில் விலைபோயின. தொலைக்காட்சி அவரைத் தேடி வந்தது அதன் பின்னரே. 2003இல், அன்று தடைக்கு உள்ளாகிய அதே ரோமா இராமா, இனுலின் ஆட்டம் ஒழுக்கக்கேடு எனக் கண்டித்தார். ஒழுக்கம் பற்றிய விவாதமாகத் தோன்றிய இது, உண்மையில் யார் மேடையேறலாம் என்பது பற்றிய விவாதமாகும். ஏழைப் பெண்ணின் உடல் மீது எழுந்த இக்கூக்குரல் 2008ஆம் ஆண்டின் ஆபாசத் தடைச் சட்டத்துக்கான சூழலின் ஒரு பகுதியாயிற்று என்பது நோக்கற்பாலது.

இறுவட்டுக் காலத்தை நாம் பொற்காலமாக்க விரும்பவில்லை. பிரதிகளின் விற்பனையிலிருந்து இனுலுக்கு எதுவும் கிட்டவில்லை. ஆயினும் பிரதியெடுக்கும் பொறி அவ்வூர்ச் சிறுவணிகனின் உடைமையாயிருந்தது. இன்றோ கிழக்கு ஜாவாவின் கொப்லோ குழுக்கள் தமது மேடை நிகழ்ச்சிகளை யூடியூபில் ஏற்றுகின்றன. வருவாயில் ஒரு பங்கு கிடைக்கின்றது, உண்மை. அப்பங்கின் அளவையும் எக்காணொளி முன்னே தோன்றும் என்பதையும் தீர்மானிப்பது கடல்கடந்த நிறுவனம். கலைஞர் அதன் தொழிலாளியுமல்லர், பங்காளியுமல்லர். 2018 யூலையில் டிக்டொக்கைத் தடைசெய்த அரசு, உள்ளடக்கத்தை அகற்ற நிறுவனம் உடன்பட்டதும் சில நாட்களில் தடையை நீக்கியது. பேச்சுவார்த்தை நிகழ்ந்தது அரசுக்கும் மூலதனத்துக்கும் இடையிலேதான். பாடுவோர் எவரும் அங்கே இருக்கவில்லை. 2023 டிசம்பரில் டொக்கோபீடியா என்ற இணையச் சந்தையின் பெரும்பான்மைப் பங்குகளை டிக்டொக் வாங்க உடன்பட்டதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தெருப்பாடகராய்த் தொடங்கிய டிடி கெம்பொத், முப்பது ஆண்டுகள் ஜாவா மொழியில் பாடியவர். 2019இல் இணையமே அவரை இளந்தலைமுறையிடம் மீளக் கொண்டு சேர்த்தது. மறு ஆண்டு அவர் காலமானார். தேசிய மொழியின் மேலாதிக்கத்தின் கீழ் ஒதுங்கியிருந்த மொழியொன்று பொதுவெளியிற் குரல் பெற்றமை சிறிய விடயமன்று.

2022 ஆகஸ்ட் 17, சுதந்திர தினத்தன்று, பன்யுவாங்கியைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் பாரெல் பிராயோகா அரசுத் தலைவரின் மாளிகையிற் பாடினான். இணையத்தாற் புகழ்பெற்ற அச்சிறுவனின் ஜாவா மொழிக் காதற்பாடலுக்கு அமைச்சர்களும் எழுந்து ஆடினர்.

அதே பன்யுவாங்கியில், யப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்திற் பிறந்த பாடல் கெஞ்சேர் கெஞ்சேர். பசியால் மக்கள் பறித்துண்ட நீர்க்கீரை பற்றியது அது. பின்னர் லெக்ரா கலைஞர்களும் கம்யூனிஸ்ட் கட்சியினரும் அதனைப் பாடினர். 1965இன் படுகொலைகளை அடுத்துப் பாடல் தடைசெய்யப்பட்டது. இயற்றிய முகம்மது ஆரிப் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. மாளிகை ஆட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2017 செப்டெம்பரில், ஜகார்த்தாவிலுள்ள சட்ட உதவி அலுவலகமொன்றைக் கும்பல் முற்றுகையிட்டுத் தாக்கியது. அங்கு கெஞ்சேர் கெஞ்சேர் பாடப்பட்டதென்ற வதந்தி அதற்குமுன் சமூக ஊடகங்கள் வழியே பரவியிருந்தது.